வடசேரியில் கடைத் திண்ணையில் படுக்கும் பெரியவருக்கு உதவியை எங்கிருந்து தொடங்குவது?

வடசேரி நகலகம் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் வடசேரி பேருந்து நிலையத்துக்கு அருகில் நகலெடுக்கும் கடை நடத்தி வருகிறேன். ஆனி மாதச் சாரல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பெரியவர் இரவில் என் கடைத் திண்ணையில் படுக்கிறார். காலையில் நான் ஷட்டரைத் தூக்க வருவதற்குள் எழுந்து, தம்மிடம் உள்ள வாரியலால் என் திண்ணையையும் பக்கத்துப் பூக்கடை வாசலையும் பெருக்கிவிட்டு, பொருள்களை ஓர் அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விடுவார். மூன்று மாதம் கழித்துத்தான் அவரிடம் உட்கார்ந்து பேசினேன் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குலசேகரம் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் பால்வெட்டு வேலை செய்தவர். வயது அறுபத்தாறு. மனைவி நோயில் விழுந்தபோது, குடியிருந்த ஒற்றி வீட்டை விட்டுக்கொடுத்து ஒற்றிப் பணத்தை வாங்கி மருத்துவத்துக்குச் செலவழித்திருக்கிறார். மனைவி இறந்தபின் வாடகை அறை ஒன்றில் இருந்தவருக்கு, தொடர் மழையில் பால்வெட்டு நின்று கூலியும் நின்றதும் அந்த அறையும் கைவிட்டுப் போயிற்று. ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் இருந்த பை களவு போய்விட்டது.

சென்ற வாரம் அவரை ஒரு சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். விரலை நான்கு முறை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. கத்திப் பிடியும் ரப்பர் பாலும் அமிலமும் தேய்த்துவிட்ட விரல்கள் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கின்றன. முகவரிச் சான்றுடன் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் அவர், “விலாசம் கேட்டா நான் எந்தத் திண்ணையச் சொல்லட்டு மக்களே?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவருக்கு ஒரு கூரை கிடைக்க வேண்டும். எந்த அலுவலகத்தில், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் கிராம அலுவலர், தோவாளை | திங்கள், இரவு 10.25

தங்கச்சி, நீங்கள் தொடங்கிய இடம்தான் தவறு, எண்ணம் தவறில்லை. கூரையும் காகிதமும் உதவித்தொகையும் மூன்று தனித்தனி வேலைகள் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. முதலில் கூரை கிடைத்தால் அந்தக் கூரையே அவருக்கு முகவரி ஆகும்.

முதியோர் இல்லம் என்று கேட்டுப் போகாதீர்கள். ‘நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடம்’ என்று கேளுங்கள். முதியோர் இல்லத்துக்குச் சேர்க்கை முறை, காத்திருப்பு, சில இடங்களில் கட்டணம் எல்லாம் உண்டு. வீடற்றோர் தங்குமிடம் தெருவில் படுப்பவருக்காகவே ஏற்பட்டது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று வீதம், ஆண்டின் எல்லா நாளும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் தங்குமிடங்கள் நகரங்களில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. அதன்பின் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல், ஆள் ஒருவருக்கு 50 சதுர அடி இடமும், தங்குபவரைக் குடும்ப அட்டை, ஓய்வூதியம், மருத்துவம் ஆகியவற்றோடு இணைத்துவிடும் பொறுப்பும் இருக்க வேண்டும் என்றது. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை 2 லட்சத்து 24 ஆயிரத்துக்கு மேல். ஆகவே இது யாரிடமும் இரந்து பெறும் சலுகை அல்ல. நகரம் செய்தே ஆக வேண்டிய ஏற்பாடு. நாளைக் காலை மாநகராட்சி அலுவலகத்தில் வாழ்வாதார இயக்கத்தைக் கவனிக்கும் பிரிவு எது என்று கேட்டு, அங்குள்ள சமுதாய அமைப்பாளரைப் பாருங்கள்.

இனி ஆதார். அட்டைதான் தொலைந்திருக்கிறது, எண் தொலையவில்லை. புதிதாகப் பதிய வேண்டியதில்லை. நிரந்தர ஆதார் மையத்தில் பெயர், பாலினம், பழைய முகவரியின் மாவட்டம் அல்லது அஞ்சல் குறியீடு ஆகியவற்றைச் சொல்லி ஒரே ஓர் உடற்பதிவு கொடுத்தால் பழைய எண்ணைத் தேடி எடுக்கலாம். அந்த உடற்பதிவு விரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கருவிழிப் பதிவு எடுக்கச் சொல்லுங்கள். பால்வெட்டுக்காரர், கொத்தனார், கயிறு திரிப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்தவர் என்று இந்த மாவட்டத்தில் ரேகை தேய்ந்தவர்கள் ஏராளம். அவர்களை விரலை மட்டும் வைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவது பெருந்தவறு. சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

எண் கிடைத்தபின் முகவரியை மாற்றுவதற்கு, அங்கீகாரம் பெற்ற தங்குமிடத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் கையொப்பமிட்டுத் தரலாம். அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி அலையாதீர்கள். பெரியவர் உங்களிடம் கேட்ட கேள்விக்கு அந்தப் படிவம்தான் பதில்.

அரசுச் செவிலியர் | திங்கள், இரவு 11.10

அக்கா, ஐயா சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அவருடைய கால்களைப் பாருங்கள். நான் கேலி செய்யவில்லை. திண்ணையில் படுப்பவர்களை எங்கள் வார்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் கால்தான். சர்க்கரை இருப்பது தெரியாமல், செருப்பும் இல்லாமல், விரலிடுக்கில் தொடங்கிய புண் கணுக்கால் வரை ஏறிய பிறகே வருகிறார்கள். இந்த ஊருக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். கால் புண் வழியாக எலிக்காய்ச்சல் உள்ளே போகும். மழைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்ச் சிகிச்சையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் முற்றிலும் இலவசம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வெளிநோயாளிச் சீட்டு வாங்க, சொல்லும் பெயரும் வயதும் போதும். அந்தச் சீட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள். அவர் பெயரும் தேதியும் அரசு முத்திரையும் உள்ள முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடன் யாரும் இல்லாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் அவர் மறுபடியும் தெருவுக்குப் போகிறார். ஆகவே சேர்த்த அன்றைக்கே, வீடு இல்லாதவர் என்று நோயாளர் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். நிலைய மருத்துவ அலுவலரிடமும் சொல்லி வையுங்கள். அனுப்பும் நாளன்று மாலையில் சொன்னால் எவராலும் எதையும் ஏற்பாடு செய்ய முடியாது.

மார்த்தாண்டம் வணிகர் | செவ்வாய், காலை 7.15

நானும் கடை வைத்திருப்பவன் என்பதால் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரைப் படுக்க விட்டால் அடுத்த மாதம் நான்கு பேர் வருவார்கள். அவர்களுள் குடிப்பவரும் இருப்பார், மனநலம் குன்றியவரும் இருப்பார். ஏதேனும் நடந்துவிட்டால் கடைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காவல் நிலையத்தில் தகவல் கொடுத்து அவர்கள் பொறுப்பில் விட்டுவிடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

கோட்டார் பயணி | செவ்வாய், பிற்பகல் 1.30

வணிகர் அண்ணாச்சிக்கு மதிப்புடன் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஏழு மாதம் நான் அப்படித் தெருவில் இருந்தவன். கோட்டார் ரயில் நிலையத்திலும் அதைச் சுற்றியுள்ள திண்ணைகளிலும் படுத்திருக்கிறேன். அப்போது எனக்கு வேலையும் இருந்தது. ஒரு மரக்கடையில் பகல் முழுவதும் தடி சுமந்தேன். முன்பணம் கொடுக்க வழியில்லாததால் அறை கிடைக்கவில்லை. வேலை இருப்பவனுக்கு வீடு இருக்கும் என்று எல்லோரும் நினைப்பதால் நான் எங்கே படுக்கிறேன் என்று கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன். பசி பெரிய துன்பம்தான். ஆனால் இந்த மாவட்டத்தில் பசிக்கு வழி இருக்கிறது. அம்மா உணவகத்தில் காலை இட்லி ஒரு ரூபாய், மதியச் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அய்யா வைகுண்டரின் சுவாமித்தோப்புப் பதியில் யார், எந்த ஊர் என்று கேட்காமல் அன்னம் தருவார்கள். அங்கே தலைநிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதை நான் மறக்கவில்லை. சுசீந்திரம் போன்ற பெரிய கோயில்களிலும் மதிய அன்னதானம் உண்டு. ஆனால் சாப்பாட்டுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் வேண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, எங்களுக்கு உண்டு. நோயாளி நடந்து போக முடியாது.

பசியைவிடக் கடினமானது தூக்கம். சாக்கைத் தலைக்கு வைத்துக்கொண்டு, செருப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, காதைத் திறந்து வைத்துத் தூங்க வேண்டும். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரத் தொடங்கினால் கன்னியாகுமரிப் பக்கம் ஒதுங்கலாம் என்று போனவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள். அங்கே ஒவ்வொரு திண்ணையும் சீசன் கடையாகிவிடும்.

எனக்குக் காகிதங்களைத் தொலைத்ததுதான் பேரிழப்பு. ஓர் அலுவலகத்தில் என்னை ஐந்து முறை வரவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலி போயிற்று. ஆறாவது முறை நான் போகவில்லை. அப்படிப் போகாமல் விடுபவனைப் பார்த்துத்தான் அவனுக்கே அக்கறை இல்லை என்று சொல்கிறார்கள். கடைசியில் ஒரு தையல்காரர் தம் கடை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவை எனக்கென்று ஒதுக்கி, அதில் என் சீட்டுகளை வைத்துக்கொள்ளச் சொன்னார். வேலை தேடும் இடங்களில் தம் கைப்பேசி எண்ணையும் கொடுக்கச் சொன்னார். அந்த டப்பா இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் எங்கே படுத்திருப்பேனோ தெரியாது.

ஆகவே அக்கா, அந்தப் பெரியவருக்கு உங்கள் கடையில் ஓர் உறையும் ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் எடுத்து வையுங்கள்; அது உங்களுக்குத் தொழிலே. அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். தனியாகப் போனால் ‘நாளை வா’, கூட ஒருவர் போனால் ‘உட்காருங்கள்’. இதை நான் இரண்டு விதமாகவும் அனுபவித்திருக்கிறேன்.

இரணியல் வழக்கறிஞர் | செவ்வாய், இரவு 8.50

வணிகர் எழுப்பிய காவல்துறைக் கேள்விக்குச் சட்டப்படியான பதில் சொல்லப்பட வேண்டும். மனநோயுடன் அலைந்து திரிபவர் என்று கருத இடம் இருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பாளருக்குக் கடமைகளை விதிக்கிறது. அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். அத்தகையவருக்காகக் காவல் நிலையத்தை அணுகுவது சரியே. அணுகும்போது இந்தப் பிரிவைச் சொல்லியே மனு கொடுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண் உண்டு. ஆனால் நம் பெரியவர் தெளிவான மனத்துடன், வீடு மட்டும் இல்லாமல் இருப்பவர். வீடு இல்லாமை குற்றம் அன்று. அவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க எந்தக் காரணமும் இல்லை.

அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரித்தீர்களா? இருந்தால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் மாதப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு வருவாய்க் கோட்டங்கள் உள்ளன. மனுவை அந்தக் கோட்ட அலுவலரிடம் கொடுக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு, இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பிள்ளைக்குச் சொத்தை எழுதிக் கொடுத்திருந்து, அவர்கள் கைவிட்டிருந்தால் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். சட்ட உதவிக்கு 15100. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது.

குளச்சல் கடலோரம் | புதன், காலை 6.40

இதுவரை ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வீடு இல்லாத பெண்கள் நம் கண்ணில் படாததற்குக் காரணம், அவர்கள் திண்ணையில் படுக்க அஞ்சி உறவினர் வீட்டு அடுக்களையிலோ மருத்துவமனை வராந்தாவிலோ பார்வையாளரைப் போல உட்கார்ந்து இரவைக் கழிப்பதுதான். வீட்டில் அடி தாங்காமல் இரவில் வெளியே வந்த பெண் 181-ஐ அழைத்தால், மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி காட்டுவார்கள். அங்கே ஐந்து நாள்வரை பிள்ளைகளோடு தங்கலாம், மருத்துவமும் சட்ட உதவியும் அங்கேயே கிடைக்கும். தனியாக நிற்கும் குழந்தை என்றால் 1098. இந்த இரண்டு எண்களையும் மீன் ஏலக்கூடத்தில் எழுதிப் போட வேண்டும் என்று எங்கள் ஊரில் கேட்டு வருகிறோம்.

வடசேரி நகலகம் | பதினோரு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.15

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மாநகராட்சியில் முதல் நாள் நாங்கள் போய் நின்ற பிரிவே வேறு; மூன்றாவது மேசையில்தான் சரியான ஆளைப் பார்த்தோம். தோவாளை ஐயா சொன்ன பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து வந்து பெரியவரை உட்காரச் சொன்னார். தங்குமிடத்தில் படுக்கை கிடைத்தது. ஆனால் அன்று மாலை பெரியவர் போக மறுத்துவிட்டார். கேட்டுக் கேட்டுப் பார்த்தபின் சாக்கைத் திறந்து காட்டினார்: எண்ணெய்த் துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்தி. முனை வளைந்த இரும்பு, பிடி அவர் கைக்கு ஏற்பக் குழிந்திருந்தது. இதை உள்ளே விடமாட்டார்கள், வெளியே விட்டுவிட்டு நான் வரமாட்டேன் என்றார். கோட்டார்க்காரத் தம்பி சொன்ன உறை நினைவுக்கு வந்தது. என் கடை மேசையின் கீழ் இழுப்பறையில் கத்தியை வைத்துப் பூட்டி, சாவி ஒன்றை அவரிடமே கொடுத்தேன். அதன்பின் சென்றார்.

காலில் புண் இருந்தது, சர்க்கரையும் இருக்கிறது. மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவில் எண் கிடைத்துவிட்டது. ஒரு மகன் கேரளத்தில் எங்கோ இருக்கிறானாம். அவன்மேல் மனுக் கொடுக்கப் பெரியவருக்கு விருப்பம் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. வழக்கறிஞர் ஐயா மன்னிக்க வேண்டும்.

இப்போது ஒரு சிக்கல். ஆதாரில் இருப்பது குலசேகரத்துப் பழைய முகவரி. அது திருவட்டாறு வட்டம். தங்குமிடம் அகஸ்தீஸ்வரம் வட்டம். முதியோர் உதவித்தொகைக்கு எந்த வட்டத்தில் விண்ணப்பிப்பது?

முன்னாள் கிராம அலுவலர், தோவாளை | ஞாயிறு, இரவு 9.05

அவர் இப்போது வசிப்பது எங்கேயோ அங்கேதான். முதலில் தங்குமிடப் பொறுப்பாளரின் சான்றிதழால் ஆதார் முகவரியை மாற்றுங்கள். மாற்றாமல் விண்ணப்பித்தால் விசாரணைக்கு வரும் கிராம நிர்வாக அலுவலர் பழைய ஊரில் தேடி, ஆள் இல்லை என்று எழுதிவிடுவார். நானே பணியில் இருந்தபோது அப்படி எழுதியிருக்கிறேன். அந்த ஆள் எங்கே போனார் என்று அப்போது நான் கேட்கவில்லை. இன்றைக்கு அது உறுத்துகிறது.

முகவரி மாறியதும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். மாதம் 1,200 ரூபாய். ஒப்புகைச் சீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். குடும்ப அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் வாங்கலாம். அடுப்பு இல்லாதவருக்கு அரிசி உதவாது என்றாலும், அட்டை உதவும். வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வீடற்றவருக்கு முகவரிக் காகிதம் தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து, அவர் அங்கே தூங்குகிறார் என்று பார்த்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

நாளை திங்கள்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முகவரி மாற்றமும் உதவித்தொகையும் தாமதமின்றி நடக்க வேண்டும் என்று ஒரு மனுவைப் பதிந்து வைப்பது நல்லது. பதிந்த மனுவுக்கு எண் உண்டு, எண் உள்ள மனுவுக்குப் பதில் வரும்.

வடசேரி நகலகம் | ஞாயிறு, இரவு 9.30

மனு எழுதிவிட்டோம் ஐயா. முகவரிக் கட்டத்தை மட்டும் நான் நிரப்பவில்லை. பெரியவரே கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தங்குமிடத்தின் தெருப்பெயரையும் கதவு எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். காலை எத்தனை மணிக்கு வர வேண்டும்?

முன்னாள் கிராம அலுவலர், தோவாளை | ஞாயிறு, இரவு 9.34

ஒன்பது மணிக்கு வாருங்கள். மனு எழுதும் வரிசையில் நிற்க வேண்டாம். நேராகப் பதிவு மேசைக்குப் போகலாம். வாசலில் நானும் நிற்கிறேன்.